கேத்தல் பஸ்ஸும் நானோ தண்ணீரும்

வியாகுலத்திற்கு ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் வியாகுலம். வியாகுல மாதா திருநாளில் பிறந்ததால் சாமியார் அப்படி வைத்தார். சனங்கள் வைத்த பெயர் கேத்தல், தேத்தண்ணிக்கு வெந்நீர் கொதிக்க வைக்கிற அதே கேத்தல். உண்மையில் அது அவர் ஓட்டிய பஸ்ஸுக்கு வைத்த பெயர். ஒரே பஸ்ஸை இருபத்திரண்டு வருஷம் ஓட்டினால் பஸ்ஸின் பெயர் ஆளுக்கும் வந்துவிடுகிறது.

பொகவந்தலாவை கடைத்தெருவிலிருந்து சங்குமலைத் தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவு வரைக்கும் அந்தப் பஸ் போகும். வழியில் பதினொரு வளைவு. ஏழாவது வளைவில் பஸ் கொதிக்கும். ஆறாவதில் கொதிக்காது. கொதிக்காமல் எட்டாவதுக்குப் போகவும் போகாது. பொனெட்டின் இரண்டு பக்கமும் வெள்ளைப் புகை கிளம்பும். வியாகுலம் பஸ்ஸை ஓரமாக நிறுத்தி, கல்லை எடுத்துச் சக்கரத்துக்கு அடை வைத்து, சாக்குத் துண்டை நனைத்துக் கையில் சுற்றிக்கொள்வார். பிறகு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகுவார். அந்த வளைவில் ஒரு பீலி இருக்கிறது. மலையிலிருந்து வரும் ஊற்றுத் தண்ணீர் மூங்கில் குழாய் வழியாக எந்நேரமும் கொட்டிக்கொண்டே இருக்கும். அதில் வாளியைப் பிடித்து, சூடு ஆறிய பிறகு ஊற்றுவார். எல்லாம் முடிய இருபது நிமிஷம் ஆகும்.

முதல் வருஷம் காத்திருந்த நேரத்தில் அவர் பீலிக்குப் பக்கத்துப் பாறைப் பொந்தில் ஒரு மாதா படத்தை வைத்தார். இரண்டாம் வருஷம் யாரோ மெழுகுதிரி கொளுத்தினார்கள். அடுத்த வருஷம் இந்துச் சனங்கள் பூமாலை போட்டார்கள். பிறகு சீமெந்து வந்தது, நீலப் பெயின்ட் வந்தது, பொந்து ஒரு குட்டிக் கோயிலாக, மாதா கெபியாக ஆகிவிட்டது. மாதா தானாகவே தேர்ந்தெடுத்த இடம் என்று வெளியூர் ஆட்கள் இப்போது சொல்கிறார்கள். ரேடியேட்டர் தேர்ந்தெடுத்த இடம் என்பது பஸ்ஸில் போகிற எங்களுக்குத்தான் தெரியும். அதனால் மாதாவுக்கு ஒரு குறைச்சலும் இல்லை. அவர் மாட்டுத் தொழுவத்திலேயே இருந்து பழகியவர்.

அந்த இருபது நிமிஷம் யாருக்கும் வீணாகப் போனதில்லை. கொழுந்து பறிக்கும் அழகம்மா அந்த இடத்தில் வைத்தே மூன்று கல்யாணம் பேசி முடித்தவள். பள்ளிக்கூட டீச்சர்மார் அங்கேதான் கொப்பி திருத்துவார்கள்.

பஸ் முதலாளி கணேசமூர்த்திக்கு மட்டும் இதில் விருப்பமில்லை. அவர் அட்டனில் இருக்கிறார். ஒரு வருஷக் கடைசியில் இன்னொருவர் அதே பாதைக்குப் புதுப் பஸ் விடப்போவதாகப் பேச்சு வந்தது. முதலாளி கடைத்தெருவில் எல்லோரும் பார்க்க வியாகுலத்தைக் கூப்பிட்டார்.

"வியாகுலம், மார்ச் மாசம் பொறந்ததும் இன்னொரு தரம் பஸ் கொதிச்சுச்சுன்னா சாவியக் குடுத்துட்டு வீட்டுக்குப் போயிருங்க. அங்க ஒரு கேத்தல வச்சு ஓட்டிக்கிட்டு இருங்க."

"என்ஜின் பழசுங்க மொதலாளி."

"நீங்களுந்தான் பழசு. ஒங்களைய மாத்துறது லேசு."

வியாகுலத்திற்கு ஐம்பத்து நாலு வயது. வேறு தொழில் தெரியாது. வேறு பஸ்கூடத் தெரியாது. அன்று கெபியில் முழந்தாளிட்டு, பஸ் கொதிக்கக் கூடாது என்று மன்றாடினார். அவர் மன்றாடிக்கொண்டிருந்தபோது பஸ் பின்னால் கொதித்துக்கொண்டிருந்தது. மார்ச் இன்னும் பிறக்கவில்லை, அதனால் தப்பினார்.

மாதா அனுப்பிய உதவி மஸ்கெலியாப் பக்கத்துத் தோட்டப் பிள்ளையாக வந்தது. பெயர் சுதர்ஷினி. பல்கலைக்கழகத்தில் என்ஜினியரிங் படித்து, அதற்கு மேலும் படித்துக்கொண்டிருந்தாள். தவக்காலத்தின் முதல் கிழமை, மார்ச் பிறக்கும் முன்னமே, முதலாளியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸடிக்கு வந்தாள்.

"அண்ணே, இந்த மாவட்டத்திலயே ஒழுங்கா ஒரே எடத்துல கொதிக்கிற பஸ் ஒங்களோடதுதான்னு சொன்னாங்க. எனக்கு இந்த மாதிரி ஒண்ணுதான் வேணும்."

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தப் பஸ்ஸை ஒருவர் புகழ்ந்து கேட்டது அதுதான் முதல் தடவை. வியாகுலத்திற்கு வெட்கமாகக்கூட இருந்தது.

அவள் சாம்பலைப் போட்டுச் சட்டி துலக்குவதைச் சொல்வது போல லேசாகத்தான் விளக்கினாள்.

"தண்ணி என்னாண்ணே செய்யுது? என்ஜின்ல இருக்க சூட்டத் தூக்கிக்கிட்டு ரேடியேட்டருக்கு வருது. அங்க காத்துல எறக்கி வச்சுட்டுத் திரும்பப் போகுது."

"கொழுந்துச் சாக்கத் தூக்கிக்கிட்டு நிறுக்குற மடுவத்துக்குப் போயிட்டு வார மாதிரி."

"அதேதான். ஆனா தண்ணி கொஞ்சம் சோம்பேறி. தான் வாங்குன சூட்டப் பக்கத்துத் துளிக்குச் சட்டுனு குடுக்காது. அலுமினியத்துலருந்து எடுக்குற ஒரு வெள்ளப் பொடி இருக்கு. ஒரு துண்டு தலமுடி அகலத்துல ஆயிரத்துல ஒரு பங்குதான் இருக்கும். அதத் தண்ணியில கலந்தா சூட்டக் கைக்குக் கை மாத்திவிடும்."

"அப்ப நெறையக் கலக்க வேண்டியதுதானே?"

"நெறையக் கலந்தா கஞ்சி மாதிரி தடிச்சுப் போயிரும்ணே. ஓடாது. ஓடாத தண்ணி எப்புடிச் சூட்டத் தூக்கும்? எவ்வளவு கலந்தா சரின்னு பாக்கத்தான் நான் வந்திருக்கேன். இந்தப் பொடி சைஸுக்குப் பேரு நானோ."

கொண்டக்டர் நிரோஷன் இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனால் வாய் மட்டும் இன்னும் கல்யாணம் ஆகாத வாய். "நானோவா? அந்தக் குட்டிக் காருக்கு ஊத்துறதா அக்கா? எங்க பஸ்ஸுக்கு அது தொண்டை நனையக்கூடப் பத்தாதே."

வியாகுலம் சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. தவக்காலத்தில் அந்த வார்த்தை எங்களுக்கு வேறு மாதிரிக் கேட்கும். ஆண்டவர் கடைசி இராப்போசனத்தில், என்னைக் காட்டிக்கொடுக்கப் போகிறவன் உங்களில் ஒருவன் என்றதும், சீடர்கள் ஒவ்வொருவராக 'ஆண்டவரே, நானோ?' என்று கேட்டது அதைத்தான்.

"கெட்ட பேரு தங்கச்சி. யூதாசும் அதத்தான் கேட்டான்," என்றார்.

சோதனையின் முதல் கிழமை, திங்கள் முதல் வெள்ளி வரை, சும்மா சுத்தத் தண்ணீர் ஊற்றி ஓட்டினார்கள். மேல் குழாயிலும் கீழ்க் குழாயிலும் சூடு பார்க்கும் கம்பி பொருத்தி, ஒரு சின்னப் பெட்டியில் எல்லாம் பதிவானது. அந்தக் கிழமை கொதித்தால் கணக்கில்லை என்று முதலாளி ஒத்துக்கொண்டிருந்தார். பஸ்ஸும் ஏழாவது வளைவில் மனசாரக் கொதித்தது. சனிக்கிழமை சுதர்ஷினி ரேடியேட்டரை வடித்து வெறுமையாக்கினாள். திங்கட்கிழமை தனக்குப் பல்கலைக்கழகத்தில் கூட்டம் இருக்கிறது, காலையில் நீங்களே இதை ஊற்றி மூடியில் இந்த சிவப்பு டேப்பை ஒட்டிவிடுங்கள், பிறகு யாரும் திறக்கக்கூடாது என்று சொல்லி ஒரு பெரிய கேனைக் கொடுத்துவிட்டுப் போனாள். சொல்ல மறந்த ஒன்றைக் கேனின் மேல் இங்கிலீஷில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த வியாகுலம் வெறும் ரேடியேட்டரைப் பார்த்தார். புது விருந்தாளி வருகிற வீட்டைக் கூட்டாமல் வைப்பதா என்று அவருக்குத் தோன்றியது. மனைவி பெற்றீசியா திருநாளுக்குக் குத்துவிளக்குத் துலக்குவது கொறக்காப் புளியில். அதில் ஒரு சட்டி நிறைய எடுத்து ஊறவைத்துக் கரைத்தார்.

"மீனுக்குப் போடுற புளியக் கொண்டுபோயி பஸ்ஸுக்கு ஊத்துறீங்களே, ஞாயிறும் அதுவுமா!" என்றாள் பெற்றீசியா.

"படிச்ச புள்ள குடுத்த தண்ணி. அழுக்குச் சட்டியில ஊத்தலாமா?"

புளித் தண்ணீரை ஊற்றி என்ஜினை அரை மணி நேரம் ஓடவிட்டு வடித்தார். சேறும் துருவுமாகக் கறுப்பாய் வந்தது. மறுபடி ஊற்றினார். இலைச் சக்கை வந்தது, ஒரு நத்தை ஓடுகூட வந்தது. மூன்றாவது தடவைதான் தெளிந்த தண்ணீர் வந்தது. இருபத்திரண்டு வருஷமாகப் பீலி கொடுத்ததை எல்லாம் அந்தப் பஸ் பத்திரமாக வைத்திருந்தது.

திங்கட்கிழமை விடியக்காலையில் கேனைத் திறந்தார்கள். மேலே தண்ணீர் தெளிவாக இருந்தது. அடியில் நாலு விரற்கடை வெள்ளை மண்டி.

"மேல என்னாடா எழுதியிருக்கு?"

நிரோஷன் எழுத்துக் கூட்டிப் படித்தான். "ஷே...க். ஷேக்னு போட்டிருக்குண்ணே. சவூதிச் சரக்கு போல."

"அதான் இவ்வளவு மண்ணு. பாலைவனம்ல," என்றார் வியாகுலம்.

நேற்றுத்தான் கழுவிய ரேடியேட்டரில் மண்டியை ஊற்ற அவருக்கு மனம் வரவில்லை. அரிசி களைகிற கை போல மெதுவாகக் கேனைச் சரித்து, தெளிவை மட்டும் இறுத்து ஊற்றினார். குறைந்ததற்குச் சுத்தத் தண்ணீர் விட்டு நிரப்பினார். மண்டி இருந்த கேனைப் பிறத்தியார் பொருள் என்று கடைசி சீட்டுக்கு அடியில் பத்திரமாக வைத்தார். சிவப்பு டேப்பை ஒட்டினார். சிலுவை அடையாளமும் போட்டார்.

அன்று பஸ் ஏழாவது வளைவைத் தாண்டியது.

நாங்கள் எல்லோரும் வழக்கம்போல் எழுந்து, செருப்பைத் தேடிப் போட்டு, இறங்க ஆயத்தமாக நின்றோம். கெபி ஜன்னலோரமாக வந்தது, போனது. எட்டாவது வளைவில் அழகம்மா கத்தினாள்.

"நிப்பாட்டுங்கண்ணே! மாதாவுக்குத் திரி கொளுத்தல!"

"கொதிக்கலையே அழகம்மா!"

"கொதிக்கலன்னா மாதா வேணாமா?"

வியாகுலம் கியரை மாற்றினார். மேல் பிரிவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஏழு மணி. பலகையில் போட்டிருந்த நேரமும் ஏழு மணிதான். அந்த நேரத்தை இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் நம்பியதில்லை. ஏழு இருபதுக்கு வந்தவர்கள் வெறும் ரோட்டைப் பார்த்து நின்றார்கள். அந்தக் கிழமை முழுவதும் பஸ் நேரத்துக்கு வந்ததால் சனங்கள் பஸ்ஸைத் தவறவிட்டார்கள். முதலாளிக்கு மட்டும் சந்தோஷம் தாங்கவில்லை. ஆள் பிடித்துப் பஸ்ஸின் பின்பக்கம் சிவப்பு எழுத்தில் 'நானோ' என்று எழுதுவித்தார். நானோவைக் கொண்டுவந்தது நான்தான் என்று அட்டன் முழுவதும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

புதன்கிழமை சுதர்ஷினி வந்து பெட்டியைப் பார்த்தாள். போன கிழமையைவிடப் பதினொரு பாகை சூடு குறைவு. அவள் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, எந்தப் புத்தகத்துலயும் இவ்வளவு கொறைஞ்சதே இல்ல. அந்த வெள்ளப் பொடி செஞ்ச வேலையப் பாத்தீங்களா!"

வெள்ளைப் பொடி என்றதும் வியாகுலத்திற்குக் கடைசி சீட்டின் அடி ஞாபகம் வந்தது. அதற்குப் பிறகு இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. அது தவக்காலத்து உபவாசம் என்று பெற்றீசியா நினைத்துக்கொண்டாள். அவருக்குள் ஓடியது வேறு. சொன்னால், இத்தனை வருஷமும் பஸ்ஸைக் கொதிக்க வைத்தது என்ஜின் அல்ல, சேற்றுத் தண்ணீரை ஊற்றி ஒருநாளும் கழுவாத டிரைவர்தான் என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும். சாவி போய்விடும். சொல்லாவிட்டால், அந்தப் பிள்ளை ஊற்றாத பொடியைப் பற்றி ஒரு புத்தகம் எழுதிவிடும்.

வெள்ளிக்கிழமை பேராசிரியர் ஒருவரும் வந்தார். முதலாளி மாலையோடு வந்தார். பஸ் ஒரு துளி ஆவி இல்லாமல் மேல் பிரிவுக்கு ஏறியது. சுதர்ஷினி போனை நீட்டிப் பிடித்தாள்.

"சொல்லுங்கண்ணே. இருவத்திரண்டு வருசம் கொதிச்ச பஸ் இப்பக் கொதிக்காததுக்கு என்னா காரணம்?"

வியாகுலத்தின் கண் கீழே கெபி இருக்கும் பக்கம் போனது. மெதுவாக, தனக்குத்தானே கேட்பது போல ஒரே வார்த்தை சொன்னார்.

"நானோ?"

எல்லோரும் கைதட்டினார்கள். பேராசிரியர் அவர் தோளைத் தட்டினார். மாலை கழுத்தில் விழுந்தது. செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மாலை வாங்கிய ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை காலையில் சுதர்ஷினி டேப்பைப் பிரிக்க வந்தபோது, அவர் கடைசி சீட்டுக்கு அடியிலிருந்து கேனை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"தங்கச்சி, நேத்து நான் சொன்னது ஒங்க நானோ இல்ல. என் நானோ."

கொறக்காப் புளியிலிருந்து சவூதி மண்டி வரைக்கும் சொல்லி முடித்தார். சுதர்ஷினி பஸ் மிதிபலகையில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஷேக்னா குலுக்குன்னு அர்த்தம்ணே," என்றாள் கடைசியில்.

நிரோஷன் தலையைச் சொறிந்தான். "ஒரு வார்த்த தமிழ்ல எழுதியிருந்தா நாங்க ரெண்டு பேரும் பஸ்ஸையே குலுக்கியிருப்பமே அக்கா."

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிறகு கேனைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். "ரெண்டே நாள்ல அடியில ஒக்காந்திருச்சு. கிழமக் கணக்குல மெதக்கும்னு நான் எழுதி வச்சிருக்கேன். இதையும் திருத்தணும்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முழுக்கத் திரும்பச் செய்யணும்ணே. கழுவின ரேடியேட்டர்ல சும்மா தண்ணி ஒரு கிழம, கொஞ்சப் பொடி ஒரு கிழம, கூடப் பொடி ஒரு கிழம."

முதலாளியிடம் வியாகுலம் தானே போய்ச் சொன்னார்.

"அப்ப இத்தன வருசம் என் பஸ்ஸ வேகவச்சது நீங்கதானா?" என்றார் முதலாளி.

"நான்தாங்க மொதலாளி."

"சோதனைய நடத்துங்க. பேராசிரியருக்குக் கை குடுத்துட்டேன். ஆனா என் சொல்லு சொல்லுதான். எந்தத் தண்ணியில கொதிச்சாலும் சாவி எனக்கு."

சும்மா தண்ணீரில் பஸ் கொதிக்காமல் ஏறியது. கொஞ்சப் பொடியிலும் ஏறியது, அதைவிட இரண்டு பாகை குறைவாக. மூன்றாவது கேன் கஞ்சி போல இருந்தது. சுதர்ஷினி தயங்கினாள்.

"இது கொதிச்சாலும் கொதிக்கும்ணே. வேணாம், இத விட்டுருவோம்."

"பாதிப் பாவசங்கீர்த்தனம் செல்லாது தங்கச்சி. ஊத்துங்க."

அவரே கேனைத் தோளில் வைத்துக் குலுக்கினார். முதலாளி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார். தடித்த தண்ணீரைத் தள்ள முடியாமல் பழைய பம்ப் முனகியது. பஸ் ஏழாவது வளைவு வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை. ஐந்தாவதிலேயே புகை கிளம்பியது.

வியாகுலம் ஓரமாக நிறுத்தினார். சாவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு திரும்பினார். முதலாளி கையை நீட்டினார்.

"ஏழாவதுல கொதிச்சா மாதாவாவது இருக்காங்க. இங்க என்னா இருக்கு, அட்டைதான் இருக்கு," என்று அழகம்மா காலை உதறினாள்.

அந்த நேரம் பார்த்து, புதுப் பஸ் விடப்போகிறவரின் வேன் மேலே ஏறி வந்தது. வேன் மெதுவாகி நின்றது. பஸ்ஸின் பின்னால் இருந்த சிவப்பு எழுத்தைச் சத்தமாகப் படித்துவிட்டு ஒரு தலை வெளியே வந்தது.

"என்னா மொதலாளி, நானோ கொதிக்குதா?"

கணேசமூர்த்தியின் நீட்டிய கை அப்படியே நின்றது. சாவியை வாங்கினால், கொதித்தது உண்மை. கொதித்தது உண்மையானால், அட்டன் முழுவதும் அவர் சொல்லித் திரிந்த நானோவும் கொதித்தது. நாற்பது பேர் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"யாரு சொன்னா கொதிக்குதுன்னு? பல்கலைக்கழகம் சோதனை பண்ணுது!" என்று வேனைப் பார்த்துச் சொன்னார். நீட்டிய கையால் வியாகுலத்தின் விரல்களைச் சாவியின் மேல் மடித்துவிட்டார். "போங்க, போயி மூடியத் தெறங்க. பாத்து, கையச் சுட்டுக்காதீங்க."

வியாகுலம் சாக்குத் துண்டைத் தேடிப் போனார்.

சுதர்ஷினி தன் புத்தகத்தில் பொடி கொஞ்சமாக இருந்தால் இரண்டு பாகை நன்மை, கூடினால் ஓட்டம் குறைந்து கெடுதி என்று எழுதினாள். ரேடியேட்டரைக் கழுவினால் பதினொரு பாகை என்பதை எந்த அதிகாரத்தில் போடுவது என்று தெரியாமல், நன்றி சொல்லும் பக்கத்தில் வியாகுலத்தின் பெயரோடு சேர்த்துப் போட்டாள். பஸ் இப்போது சும்மா தண்ணீரில்தான் ஓடுகிறது. மாதத்தின் முதல் வெள்ளிக்குக் கொறக்காக் கழுவல் நடக்கிறது. பின்னால் 'நானோ' அப்படியே இருக்கிறது. ஏழாவது வளைவில் ஐந்து நிமிஷம் நிற்கிறது. ஐந்து நிமிஷத்தில் ஒரு கல்யாணம் பேச முடியாது என்று அழகம்மாவுக்கு இன்னும் குறைதான்.

அந்தத் தவக்காலக் கடைசியில், குருத்து ஞாயிறு பூசையில், பாடுகளின் கதை வாசிக்கப்பட்டபோது, சீடர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கிற இடம் வந்தது. நிரோஷன் முதலில் திரும்பினான். பிறகு பெற்றீசியா. பிறகு பஸ்ஸில் போகிற அத்தனை பேரும். கோயில் பாதி சிரிப்பை அடக்கிக்கொண்டு மூன்றாவது பெஞ்சைப் பார்த்தது. சாமியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வாசிப்பில் ஏதும் பிழை விட்டோமோ என்று நினைத்து, அந்த வரியைத் திரும்பவும் ஒருமுறை நிதானமாக வாசித்தார்.

வியாகுலம் தலையைக் குனிந்துகொண்டார். அவர் உதடு அசைந்ததைப் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்தார்கள்.

"நான்தான் ஆண்டவரே," என்றார்.